தொரையின் சிறகில் வைத்த புகையிலை

ஜெகதீசன் யாருடைய காயத்தைத் தொடுவதற்கு முன்பும் முழங்கை வரை கை கழுவுவான். கீழ் கோத்தகிரிச் சரிவில் இருக்கும் எஸ்டேட் மருந்தகத்தில் பதினெட்டு வருடமாகக் கட்டுப் போடுகிறவன். அவனுடைய அக்கா வேலாயி ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்து பறிக்கப் போனவள். தம்பியைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தது அவள்தான்.

“என் தம்பி கட்டுப் போட்டா தழும்புகூட நேராத்தான் இருக்கும்” என்று மலையில் அவள் சொல்லாத நாள் இல்லை.

பக்கத்து நிரையில் பறிக்கும் காளியம்மாள் விடமாட்டாள். “ஆமாமா, தம்பியே ஒரு தொரை. ஊட்டுக்குள்ள இன்னொரு தொரை வேற.”

வீட்டுக்குள் இருந்த தொரை ஒரு வெளிநாட்டுக் கிளி. மஞ்சளும் ஆரஞ்சுமாக உள்ளங்கை அளவுக்கு இருக்கும். மாற்றலாகிப் போன கிளார்க் ஒருவர் ஜெகதீசனிடம் விட்டுப்போனது. வந்த புதிதில் நீட்டிய விரலையெல்லாம் கடித்தது. ஜெகதீசன் ஒருநாளும் அதட்டவில்லை, அலகில் தட்டவில்லை. கடித்தால் அதைப் பேசாமல் குச்சியில் இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

“கத்துனா அதுக்கு வெளையாட்டு. அடிச்சா பயம். ரெண்டுக்குமே திரும்பக் கடிக்கும்க்கா.”

ஐந்தே மாதத்தில் அது அவன் தோளில் உட்கார்ந்து காதோரம் தூங்கியது. ஜூன் மழை இறங்கியதும் பழைய குணம் திரும்பியது. காலையில் சாது, சாயங்காலம் சாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வரும் நேரத்தில் மட்டும் கண்ணை உருட்டி ரத்தம் வரக் கடித்தது. ஜெகதீசன் ஒவ்வொரு கடியையும் கேலண்டரில் நேரத்தோடு குறித்துவைத்தான். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

அவனும், ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவன் மனைவி இந்துமதியும் காலையிலேயே கிளம்பிவிடுவதால், மத்தியானம் அவன் சாப்பாட்டுக்கு வருவதற்கு முன்பே கிளிக்குப் பழம் வைப்பது வேலாயியின் பொறுப்பு. அன்று புதன்கிழமை. மழைக்கு இடுப்பில் கட்டிய நீல பிளாஸ்டிக் படங்கு சரசரக்க அவள் உள்ளே நுழைந்தாள். தொரை அலறிக்கொண்டு கூண்டுக் கம்பியில் மோதியது. புதிதாக முளைத்துக்கொண்டிருந்த இறகு ஒன்று ஒடிந்தது. முளைக்கிற இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும் என்பது அவளுக்குத் தெரியாது. கூண்டின் அடியில் விரித்திருந்த பேப்பரில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு விழுந்தது. இத்தனூண்டு உடம்பில் எவ்வளவுதான் ரத்தம் இருக்கும்?

மலையில் அட்டை கடித்து ரத்தம் நிற்காவிட்டால் கை தானாக இடுப்புப் பைக்குத்தான் போகும். அப்படித்தான் போனது. ஒரு சிட்டிகைப் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கினாள். ஒரு கையால் கிளியைப் பிடித்து, மறு கையால் ஒடிந்த இடத்தில் வைத்து அமுக்கினாள். ரத்தம் குறைந்தது. தம்பி வந்தால் மெச்சுவான் என்று நினைத்துக்கொண்டே கூண்டுக்குள் விட்டாள். தொரை கழுத்தைத் திருப்பி அந்த இடத்தைக் கொத்த ஆரம்பித்தது.

அப்போதுதான் ஜெகதீசன் வந்தான். குடையைக்கூட மடக்கவில்லை.

“என்னக்கா வெச்ச?”

அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் பாதியைத்தான் சொன்னாள். “சுண்ணாம்பு.”

“வெறும் சுண்ணாம்பா?”

“ம்.”

கோத்தகிரி போகும் வழியில் காலையிலேயே மரம் விழுந்து பஸ் இல்லை. அவன் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

“வேற எதுவும் படலீங்களே? தோட்டத்து ஆளுங்க பொயில வெப்பாங்க. பறவைக்கு அது வெசமுங்க. கொத்தி உள்ள போச்சுன்னா கஷ்டம்” என்றார் டாக்டர்.

“இல்லீங்க டாக்டர். எங்கக்கா அப்படி வெக்காது. வெவரமான ஆளுங்க.”

தம்பி முன்னால் வேலாயி ஒருநாளும் தப்பு செய்தவளாக நின்றதில்லை. கூண்டில் தொரை இன்னொரு கொத்து கொத்தியது.

“பொயிலையும் வெச்சேன் தம்பி.”

ஜெகதீசன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. “கேட்டுச்சுங்களா டாக்டர்? பொயில இருக்கு. என்ன பண்ணட்டும்?”

துண்டால் சுற்றச் சொன்னார். நெஞ்சை மட்டும் அழுத்தக் கூடாது, அழுத்தினால் மூச்சு முட்டிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துணுக்கு இல்லாமல் கழுவ வேண்டும். பிறகு சுத்தமான துணி, ரத்தம் வரும் இடத்தில் கார்ன்ஃப்ளவர் மாவு, விடாமல் அழுத்தம். இறகைப் பிடுங்கக் கூடாது. “வாந்தி எடுத்தாலோ நடுங்குனாலோ எப்படியாச்சும் வண்டி புடிச்சு வந்துருங்க. நாளைக்குக் காலைல வரைக்கும் கண்ணு வெச்சிருங்க.”

நனைந்த படங்கை அவிழ்த்துக் கதவோரம் போட்டுவிட்டு வேலாயி துண்டைப் பிடித்தாள். ஜெகதீசன் கழுவினான். மூன்று தண்ணீர் மாற்றியும் மஞ்சள் சாயம் வந்தது. நாலாவது தண்ணீர்தான் தெளிந்தது. மாவு வைத்து ஏழு நிமிடம் அழுத்தினான், கடிகாரத்தைப் பார்த்தபடி. ரத்தம் நின்றது. ஈரத்தை ஒற்றி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி வைத்துத் தொரையை அதன் பக்கத்தில் விட்டான்.

“திட்டீரு தம்பி” என்றாள்.

“நல்லவேளை சொன்னியேக்கா” என்றான். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

இரண்டு பேரும் வேலைக்கு அரை நாள் லீவு சொன்னார்கள். கால் மணிக்கு ஒருதரம் ஓட்டை வழியாகப் பார்த்தார்கள். தொரை இறகைச் சிலிர்த்துப் பந்தாகக் குறுகி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. கத்தவில்லை. தின்னவில்லை. நடுக்கமா, குளிரா? ஜெகதீசனுக்கே சொல்லத் தெரியவில்லை. ரெண்டரை, மூணு, மூணரை.

மருந்தகத்தில் ஒரு ஓவல்டின் டப்பா நிறைய ஆட்களின் நன்றிக் கடிதம் வைத்திருப்பவன், இப்போது விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்காமல் வேலாயி எழுந்தாள்.

“கூடை கொழுந்து நெறவை போடற எடத்துல கெடக்கு. எடுத்துட்டு ஓடியாந்தர்றேன்.”

கதவோரம் கிடந்த படங்கை உதறி இடுப்பில் சுற்றினாள். பிளாஸ்டிக் படபடத்தது.

பெட்டிக்குள் ஒரு வீறிடல். தொரை எழுந்து ஓட்டையில் அலகை நுழைத்துக் கத்தியது. ஜெகதீசன் மூடியை அமர்த்திய விரலை எட்டி ஒரே கவ்வு.

“ஆ! கடிக்குதுக்கா, நல்லாக் கடிக்குது!” அவன் சிரித்தான். மறுகணம் சிரிப்பு நின்றது. கேலண்டரைப் பார்த்தான், அவள் இடுப்பைப் பார்த்தான். “இந்தப் படங்கை எப்பக் கட்ட ஆரம்பிச்சே?”

“மழை எறங்குன அன்னிக்கு.”

“தினமும் இதோடதான் உள்ள வர்றியா?”

வேலாயி வெளியே போய்ப் படங்கை அவிழ்த்துக் கொடிக்கம்பியில் போட்டாள். இடுப்புப் பையையும் அதன்மேல் மாட்டினாள். குழாயடியில் முழங்கை வரை கை கழுவினாள், இரண்டு தடவை. பிறகு ஒரு துண்டு கொய்யாவோடு உள்ளே வந்து பெட்டியருகே மெல்ல உட்கார்ந்து, அதை ஓட்டையருகே நீட்டினாள்.

தொரை அவளை ஒரு கண்ணால் பார்த்தது. கொய்யாவை வாங்கவில்லை. ஆனால் கத்தவுமில்லை.

“அப்படியே இரு. கையை எடுத்துராத” என்றான் ஜெகதீசன். காலை வரைக்கும் இன்னும் நேரம் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.