ஃபிடெலிஸின் கோப்பை

"ஓடாத, ஓடாத. உன்ன யாரும் தொரத்தல" என்று வழுக்கும் தட்டிடம் சொல்லிக்கொண்டே கழுவுகிறார் சகோதரர் லியாண்டர். தட்டுகளோடு பேசுவதை மௌன விதி தடுக்காது என்பது அவர் கட்சி. அமெரிக்காவின் அயோவாவில் உள்ள அந்தக் கிறிஸ்தவ மடத்துச் சமையலறைத் தொட்டி அவருக்குத் தலை நரைக்கும் முன்பே வாய்த்தது. கேட்டு வாங்கிய வேலை இல்லை, சொன்னார்கள், செய்கிறார். காலில் கிடப்பது இறந்துபோன ஒரு துறவியின் செருப்பு. புதிது வாங்கலாமே என்றால், "எதுக்கு? இது என்னவிட நாள் தாங்கும்" என்பார்.

சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பக்கத்து இடம் சக துறவி ஃபிடெலிஸுடையது. பேசக்கூடாத அந்த மேசையில் ஃபிடெலிஸ் வேண்டுமென்றே இவர் ரொட்டியில் தேனை வழிய விடுவார். இவர் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுவார். ஃபிடெலிஸ் சாகக் கிடந்த அன்று, அவரைப் பார்க்க அனுமதி கேட்டு ஈரக் கையோடு போய் நின்றார். "பாத்திரத்த முடிச்சிட்டு வாங்க பிரதர், நேரம் இருக்கு" என்றார் மடத்துத் தலைவர் கிலியன். முடிப்பதற்குள் சாவு மணி அடித்துவிட்டது. லியாண்டர் மீதிப் பாத்திரத்தையும் கழுவி வைத்தார். ஆனால் மனம் ஆறவே இல்லை.

ஒருவர் இறந்தால் முப்பது நாள் அவர் இடத்தில் சாப்பாடு பரிமாறி, பிறகு அதை ஏழைக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். ஃபிடெலிஸின் தட்டையும் கோப்பையையும் லியாண்டரே தினமும் வைத்தார். இன்று காலை அந்தக் கோப்பை கைநழுவி உடைந்தது.

எதையாவது உடைத்தவர் அதன் உடைந்த துண்டுகளை ஏந்திக்கொண்டு தலைவர் முன் மண்டியிட வேண்டும். அவர் மேசையைத் தட்டினால்தான் எழலாம். அந்தத் தட்டல்தான் மன்னிப்பு. ஆனால் கிலியன் சாப்பாட்டு அறை வாசலிலேயே தடுத்தார்.

"முட்டி போடாதீங்க. இந்தக் காலோட உக்காந்தா எந்திரிக்க மாட்டீங்க."

"சரி ஃபாதர்."

அதற்கும் கீழ்ப்படிந்தார். ஆனால் அந்தத் தட்டல் கேட்காமல் சாப்பிட உட்கார மனம் வரவில்லை. எல்லோரும் சாப்பிடத் தொடங்கிய பிறகும் துண்டுகளோடு தன் இடத்திலேயே நின்றார். கிலியன் எழுந்து வந்தார். பேசக்கூடாத இடத்தில் லியாண்டர் பேசினார்.

"அவன் கோப்ப, ஃபாதர். அன்னிக்கும் நான் போகல. இன்னிக்கு இதையும் ஒடச்சிட்டேன்."

கிலியனின் முகம் சுண்டிவிட்டது. அன்று காத்திருக்கச் சொன்னவர் அவர்தான். கையிலிருந்த துண்டுகளை வாங்கிக்கொண்டு, எல்லோர் முன்னும் லியாண்டரின் காலடியில் மண்டியிட்டார்.

லியாண்டர் குனிந்து, ஃபிடெலிஸின் தட்டருகே, கோப்பை இல்லாத இடத்தில், விரல் கணுவால் மேசையை ஒரு முறை தட்டினார்.