ஒரு நீள விசில்

பூங்காக் காவலுக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சித்தி ஒருவனுடைய முன்பல்லை உடைத்தாள். குடித்துவிட்டுச் சறுக்குமரத்தின் உச்சியில் படுத்துக் கிடந்தவன், மூடும் நேரமாகிவிட்டது என்றதும் காலிப் பாட்டிலை அவள் தலைக்குக் குறிவைத்து எறிந்தான். அது தவறியது. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இறங்கி வந்து அவள் சட்டைக் காலரைப் பிடித்தான். சித்தியின் கையில் இருந்த பெரிய பூட்டு தவறவில்லை.

"பூட்டு கதவுக்குத்தாம்மா, ஆளுங்க வாய்க்கு இல்ல," என்று மேற்பார்வையாளர் கடிந்துகொண்டார்.

"கதவு என்னைக் கெட்ட வார்த்தை சொல்லலையே சார்."

அன்றிலிருந்து அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். அடிதடிக்கு அஞ்சாதவள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் எங்கிருந்து அந்த வேலைக்கு வந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர், ஒரு காலையில் அவளுடைய இடது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை உதைத்துச் சாத்தினார். சட்டையில் பொத்தான் தைக்கவில்லை என்பது காரணம். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவள் கையைத் துணியில் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "திரும்பிப் போவியாடி?" என்பதுதான்.

"போனா அங்கிருந்து பொணமாத்தான் வருவேன்க்கா," என்றாள் சித்தி.

கை கூடியது, கோணலாக. அந்தக் கையோடுதான் அவள் பூங்காவில் சேர்ந்தாள். நடைபாதை, பந்து மைதானம், பின்னால் ஒரு குளம், நான்கு கதவுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்காக இரண்டு கோஷ்டிகள் மட்டையோடு மோதிக்கொள்ளும். ஒரு தடவை ஒருவனுடைய காது பாதி கிழிந்து தொங்கியது. சித்தி நடுவில் புகுந்து, கிழிந்தவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கிழித்தவனைக் கோணல் முழங்கையால் விலாவில் இடித்தாள்.

அவளும் தோட்டக்காரப் பெண்ணும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். நீளமாக ஒரு விசில் என்றால் பூங்கா மூடுகிறது. குட்டையாக மூன்று என்றால் ஓடி வா, ஆபத்து. நீள விசில் எந்த நேரத்திலும் வரலாம். பெருமழை வந்தாலும், சண்டை முற்றினாலும் சித்தி அதை ஊதிவிடுவாள். கேட்டதும் தோட்டக்காரப் பெண் ஏன் எதற்கென்று கேட்காமல் பக்கத்துக் கதவுகள் மூன்றையும் பூட்டி, ஜனங்களை முன்கதவு வழியாக வெளியே அனுப்ப வேண்டும். நாலு வருஷத்தில் ஜனங்களும் பழகிவிட்டார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் சுற்றைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

அன்று மாலை ஐந்தரை இருக்கும், நல்ல வெயில். மூங்கில் புதருக்குப் பின்னால் இருந்த பழைய ஊஞ்சலில் கொக்கி ஒன்று தேய்ந்திருந்தது. பிள்ளைகள் ஏறிவிடக் கூடாதென்று சித்தி அங்கே கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் குளத்துப் பக்கத்துக் கதவு வழியாக வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய வீல் ஸ்பேனர்.

"விளையாடினது போதும். வீட்டுக்கு வா."

"வேலை நேரம். வெளிய போ."

"என்னையே வெளிய போன்னு சொல்றியா?"

முதல் அடி தோளில் விழுந்தது. சித்தி விசிலை வாயில் வைத்தாள். அதற்குள் அவருடைய கை அவள் கழுத்தைப் பிடித்துவிட்டது. மூன்று குட்டை விசிலுக்கு மூன்று மூச்சு வேண்டும். அவளிடம் இருந்தது ஒன்றுதான். நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் ஒரே விசிலாக, நீளமாக வெளியேறியது.

பூங்கா கீழ்ப்படிந்தது.

"இன்னிக்கு என்ன, இவ்வளவு சீக்கிரமா?" என்று யாரோ முணுமுணுப்பது புதருக்கு அப்பால் கேட்டது. பந்து உதைபடும் சத்தம் நின்றது. தாய்மார்கள் பிள்ளைகளை அதட்டி இழுத்துப் போனார்கள். குளத்துக் கதவு சாத்தப்பட்டபோது அடி விலாவில் விழுந்தது. பள்ளித் தெருக் கதவின் சங்கிலி குலுங்கியபோது சித்தியின் வாயில் ரத்தம். மூன்றாவது கதவும் பூட்டப்பட்டது.

"பாத்தியாடி, உன் ஆளுங்கல்லாம் போயிட்டாங்க," என்று அவர் சிரித்தார்.

சித்தி தவழ்ந்து ஊஞ்சலுக்குப் பின்னால் போனாள். இரும்புச் சட்டம் போட்ட கனத்த பலகை அது. அவர் குனிந்து அவளைப் பிடிக்க முன்னால் வந்தபோது, நல்ல கையையும் தலையையும் கொடுத்து அதை முழு பலத்தோடு தள்ளினாள். சட்டம் அவர் தாடையில் மோதியது. அவர் மல்லாந்து விழுந்தார். ஸ்பேனர் கைநழுவியது. சித்தி அதை எடுத்து அவருடைய வலது முழங்காலில் அடித்தாள். மறுபடி அடித்தாள். கால் வளையக் கூடாத பக்கம் வளைந்த பிறகுதான் நிறுத்தினாள்.

முன்கதவில் பூட்டக்காவுக்காகக் காத்து நின்ற தோட்டக்காரப் பெண் பொறுமையிழந்து தேடி வந்தாள். புல்லில் ரத்தத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ மூடச் சொல்லித்தானேக்கா ஊதினே?"

"கழுத்தைப் பிடிச்சிருந்தான்டி. வந்தது அவ்வளவுதான்."

"ஐயோ, நானே உன்னை இவனோட வெச்சுப் பூட்டிட்டேனே!"

"அழுகையை அப்புறம் வெச்சுக்கோ. போலீசைக் கூப்பிடு, ஓடு."

விசாரித்த அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். "விழுந்து கிடந்த ஆளை ஏம்மா அடிச்சீங்க?"

"எழுந்தா என்ன செய்வான்னு எனக்குத் தெரியும் சார். உங்களுக்குத் தெரியாது."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கணவருடைய அண்ணன் வந்தார். கட்டிலருகே நின்று தொண்டையைக் கனைத்தார். சித்திக்கு விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது, ஒரு கண் திறக்கவில்லை. அம்மா அவளுக்கு ஸ்பூனால் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. அவன் இனிமே கால் ஊனி நடக்கறது கஷ்டம்னு டாக்டர் சொல்றார். என்ன இருந்தாலும் புருஷன். அவனை நீ பாக்காம யாரு பாக்கறது? கேஸை வாபஸ் வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடு."

சித்தி வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினாள்.

"ஒரு கால்தானே மாமா போச்சு? இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு. அதையும் நான் பாக்கணும்னா சொல்லுங்க, வரேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டைப் பார்த்தாள். கொண்டு வந்திருந்த ஆப்பிள் பையை வைப்பதா எடுத்துப் போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றவர், கடைசியில் எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

"இன்னும் ரெண்டு வாய் குடுக்கா," என்றாள் சித்தி. "பசிக்குது."