மெத்தையும் மாப்பிள்ளையின் இடது கையும்

மாப்பிள்ளை குறட்டை விடுவாரா, மாட்டாரா — இதைக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள ஏதாவது வழி இருக்கிறதா?

இருக்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு அவரை மெத்தைக் கடைக்குக் கூட்டிப் போங்கள்!

நாங்கள் போனோம். போன மாதம், தாம்பரத்தில், பட்டப்பகலில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, மாப்பிள்ளை தனசேகர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ஒரு பக்கம் கல்யாணப் பெண் செல்வி. இன்னொரு பக்கம் வருங்கால மாமியார் அம்சா. நடுவில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி... நான்.

எனக்கு அங்கே என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாம் இந்தப் பத்தியால் வந்த வினை. தலையணையை மாற்றியதும் என் கழுத்து வலி பறந்துபோன கதையை இங்கே எழுதினேன் அல்லவா? அன்றிலிருந்து தண்டலத்தில் எங்கள் தெருவுக்கு நான்தான் படுக்கை நிபுணர். பக்கத்து வீட்டு அம்சா நேரே சமையலறைக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, செல்விக்கு சீர் மெத்த எடுக்கணும். நீ வந்தாத்தான் ஆச்சு. பேப்பர்லயே எழுதிகீற, உனக்குத் தெரியாததா?"

பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவதற்கு உலகத்தில் ஒரு ஜீவனாவது இருக்கிறதே! அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

சீர் மெத்தை என்பது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் அழைப்பன்று கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றி, மாப்பிள்ளை ஊருக்குக் கொண்டுபோய், பந்தலில் பரப்பி வைப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். பீரோவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். மெத்தையை? உள்ளங்கையை வைத்து ஓர் அமுக்கு! கை உள்ளே போனால் பெண் வீட்டாருக்குத் தாராள மனசு. போகாவிட்டால் தீர்ந்தது... பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பெண்ணுக்குப் 'பலகை கொண்டாந்தவ' என்றுதான் பெயர்.

சரி, படுத்துப் பார்க்கலாமே? கூடாது! பெண்ணும் மாப்பிள்ளையும் படுப்பதற்கு முன்னால் சீர் மெத்தையில் ஒரு கைக்குழந்தையைக்கூடக் கிடத்தக் கூடாது. ஆக, முதுகுக்கு வாங்குகிற சாமானுக்குக் கைதான் நீதிபதி. 1991-லும் இதுதான் நடைமுறை.

அம்சாவின் லட்சியம் எளிமையானது. அமுக்கினால் முழங்கை வரை உள்ளே போக வேண்டும். செல்விக்கோ வேறு கவலை. பஸ்ஸில் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்ததும் என் காதருகே குனிந்தாள்.

"பெரிம்மா, அவருக்கு இடுப்பு புடிச்சிகீது. யாருக்கும் தெரியாது."

தனசேகருக்கு வடக்குப்பட்டு. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் கனமான இரும்புப் பாகங்களைத் தூக்கி லைனில் வைக்கிற வேலை. செல்வி அதே ஊரில் இன்னொரு கம்பெனியில் ரேடியோவுக்குச் சால்டரிங் வைக்கிறாள். இவள் முதல் ஷிஃப்டுக்குப் போகிற நேரம், அவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரம். நிச்சயம் ஆனதிலிருந்து பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் இவர்கள் பேசிக்கொண்டதெல்லாம்.

"பெஞ்சிலேர்ந்து எழுந்துக்கும்போதெல்லாம் இடது கை தானா இடுப்புக்குப் போவுது. கேட்டா ஒண்ணுமில்லன்றாரு. இன்னும் பர்மனென்ட் ஆவல பெரிம்மா. இடுப்பு வலின்னு தெரிஞ்சா சூப்பர்வைசர் வூட்டுக்கு அனுப்பிடுவாராம். எங்கம்மாக்குத் தெரிஞ்சா... கல்யாணத்தையே நிறுத்திடும்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. இருபத்திரண்டு வயசுப் பெண், நகையைப் பற்றிக் கவலைப்படாமல் ஓர் ஆளின் இடுப்பைப் பற்றிக் கவலைப்படுகிறாளே!

"மெத்துனு வாங்கினா ஆவாது. உள்ள போயி உள்ள போயி இன்னும் மோசமாயிடும். எங்க லைன்ல ஒரு அக்காவுக்கு அப்டித்தான் ஆச்சு. நீங்க எப்டியாவது அம்மாவ கெட்டி மெத்தைக்குச் சரின்னு சொல்ல வையுங்க."

விஷயம் புரிகிறதா? ஊருக்காகக் கை உள்ளே போக வேண்டும். மாப்பிள்ளைக்காக இடுப்பு உள்ளே போகக் கூடாது. ஒரே மெத்தையில்! நிபுணருக்கு பஸ்ஸிலேயே வியர்த்துவிட்டது.

கடை வாசலில் தனசேகர் நின்றிருந்தார். கண் இரண்டும் சிவப்பு. நைட் ஷிஃப்டிலிருந்து நேரே வந்திருக்கிறார். மாப்பிள்ளையே படுத்துப் பார்க்கட்டும் என்பது செல்வியின் ஏற்பாடு. அம்சா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னால மாப்ள மெத்தைல படுக்கறதாவது! இன்னா பாய் இது, ஊர்ல இல்லாத வயக்கம்?"

கடைக்கார பாய் நிதானமானவர். "இது காட்டறதுக்குப் போட்டு வச்சதும்மா. பாதி தாம்பரம் இதுல படுத்து எழுந்துகீது. உங்களுக்குப் புதுசு வரும், ஒரு ஈகூட உக்காந்திருக்காது."

முதல் மெத்தை முழுக்க ஃபோம். அம்சா அமுக்கினாள். கை போனது... போனது... போய்க்கொண்டே இருந்தது! அவள் முகத்தில் பெருமையைப் பார்க்க வேண்டுமே. "இதான்! படுங்க மாப்ள!"

அவர் கூச்சத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். தலை சாய்ந்ததுதான் தெரியும். அடுத்த நிமிடம் குறட்டை!

செல்வி தாவணித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்குகின்றன. வெட்கமா, சிரிப்பா, சந்தோஷமா? மூன்றும்தான். கடைக்குள் நுழைந்த ஒரு தம்பதி இவரைப் பார்த்தார்கள். "இன்னாமா தூங்கறாரு! எங்களுக்கும் அதையே குடுங்க பாய்" என்றார்கள். பேரமே இல்லை!

"பாத்தியாக்கா, எவ்ளோ நல்ல மெத்த!" என்றாள் அம்சா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நைட் ஷிஃப்ட் முடித்த மனுஷன் ஜல்லிக் குவியலில்கூடத் தூங்குவாரே! அவரைக் கூட்டிவந்து மெத்தையைப் பரீட்சை செய்தால் எந்த மெத்தை ஃபெயிலாகும்? ஷிஃப்ட் வேலைக்காரர்கள் நிறைந்த ஊரில் குடியிருந்துகொண்டு இதை யோசிக்காத நானெல்லாம் ஒரு நிபுணர்...

ஆனால் செல்வி அசரவில்லை. "தூங்கறத பாத்தா இன்னா தெரியும் பெரிம்மா? எழுந்துக்கறத பாருங்க" என்று முணுமுணுத்துவிட்டு, "ஏங்க..." என்று எழுப்பினாள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். மெத்தை விடவில்லை. சேற்றில் இறங்கின டிராக்டர் மாதிரி முன்னும் பின்னும் ஆடினார். ஒருவழியாக எழுந்தபோது இடது கை நேரே இடுப்புக்குப் போனது. முகம் சுருங்கியது. "மூஞ்சி கழுவிகினு வரேன்" என்று பின்பக்கக் குழாயடிக்கு நகர்ந்தார்.

செல்வி பயத்தோடு அம்மாவைப் பார்த்தாள். நான் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் அம்சா என் கையைப் பிடித்துத் தலையணை அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"அக்கா, செல்விகிட்ட சொல்லிடாத. மாப்ளைக்கு இடுப்புல வலி கீது. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே பாத்துட்டேன். பாயிலேர்ந்து எழுந்துக்கும்போது இதே இடது கை! நல்ல புள்ள, ஒழைக்கிற புள்ள, போவட்டும்னு யார்கிட்டயும் மூச்சு விடல. அதுக்குத்தான் மெத்துனு பாக்கறேன். வலிக்கிற இடுப்புக்கு மெத்துனுதான வேணும்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரே ரகசியம். அதை அம்மாவுக்குத் தெரியாமல் மகளும், மகளுக்குத் தெரியாமல் அம்மாவும் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறார்கள். இரண்டையும் சுமக்கிற கழுதை நான்! ரகசியம் காப்பது எனக்கு என்றைக்குமே வராது என்பது வாசகர்களுக்குத் தெரியும். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திப் போட்டு உடைத்துவிட்டேன்.

அம்சா மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "எனக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவேன்னா நெனச்ச? இடுப்பு வலிக்கெல்லாம் மாப்ளய வேணாம்னு சொல்றவளாடி நானு?"

செல்வி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம்தான். உடனே அம்சா மூக்கை உறிஞ்சிக்கொண்டு முழங்கினாள்: "பாய்! கெட்டியா எடு!"

இரண்டாவது வந்தது, ரப்பர் பாலில் தோய்த்த தேங்காய் நாரை அழுத்திச் செய்த மெத்தை. தனசேகர் படுத்தார். தூங்கினார், கேட்பானேன்! செல்வி எழுப்பினாள். இந்த முறை அவர் சட்டென்று எழுந்தார். இடது கை தலையைச் சொறிந்தது. செல்வி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கூத்தாடினாள்.

அம்சா அமுக்கினாள். கை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"இன்னாக்கா... கதவாட்டம் கீது! இத பந்தல்ல வச்சா ராஜாத்தி சம்பந்தி என்ன உண்டு இல்லன்னு பண்ணிடும்."

ராஜாத்தி, மாப்பிள்ளையின் சித்தி. வடக்குப்பட்டில் எந்தச் சீர் இறங்கினாலும் முதல் அமுக்கு அந்த அம்மாளுடையதுதான்.

எங்கள் மூன்று முகங்களையும் பார்த்த பாய் சிரித்தார். "கீழ நாரு போட்டு மேல ஃபோம் வச்சு, ஒட்டி, ஒரே உறையா தச்சுக் குடுத்தா? இப்ப அதத்தான் கேக்கறாங்க." சொன்னதோடு நிற்காமல், நார்ப் பலகை மேல் ஃபோமை விரித்தும் காட்டினார்.

அம்சா அமுக்கினாள். மணிக்கட்டு வரை போய், நின்றது. "நின்னுடுச்சுக்கா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்.

மூன்றாவது தூக்கம். மூன்றாவது எழுப்பல். இதற்குள் பாய்க்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. நான்கு ஜோடிக் கண்களும் ஓர் ஆளின் இடது கை மேல்! அவர் எழுந்தார். கை மேலே வந்தது... எங்களுக்கு மூச்சு நின்றது... வாயோரத்து எச்சிலைத் துடைத்தது. பாய் கைதட்டியேவிட்டார்.

"இன்னா ஆச்சு? ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" பாவம், மலங்க மலங்க விழித்தார் மாப்பிள்ளை.

"ஒண்ணுமில்ல மாப்ள. நல்லா தூங்கினீங்க!" என்றாள் அம்சா.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். போன வாரம் பெண் அழைப்பில் மானம் போகப் பார்த்தது. டிராக்டரிலிருந்து சாமான்களை இறக்கி, ஸ்பீக்கர் செட் அலறுகிற பந்தலில் பரப்பி வைத்தார்கள். ராஜாத்தி சித்தி வந்தார்கள். வளையலை மேலே தள்ளிக்கொண்டு, அமுக்கினார்கள். புருவம் ஏறியது.

"இன்னா இது... பலகையாட்டம் கீது?"

அம்சாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. மணிக்கட்டு வரை போன கை எங்கே? கிசுகிசு ஆரம்பமாகிவிட்டது. நலங்குக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்த தனசேகர், கன்னமெல்லாம் சந்தனத்தோடு எக்கிப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"சித்தி! அத தலகீழா போட்டுகீறாங்க! நார்ப் பக்கம் மேல கீது. திருப்பிப் போடச் சொல்லு!"

"உனக்கு எப்பிட்றா தெரியும்?"

மாப்பிள்ளை எச்சில் விழுங்கினார். "கடைல... படுத்துப் பாத்தேன்."

"கல்யாணத்துக்கு முன்னாலயா! பொண்ணு எங்க இருந்துச்சு?"

"அவங்க நின்னுகினு இருந்தாங்க சித்தி. நான் தூங்கிகினு இருந்தேன். நைட் ஷிஃப்ட்!"

பந்தலே அதிர்ந்தது! அதில் பாதிப் பேர் ஷிஃப்ட் வேலைக்காரர்கள் அல்லவா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மெத்தையைத் திருப்பிப் போட்டார்கள். சித்தி மறுபடி அமுக்கினார்கள். கை போனது. "ம்... போவுது, போவுது" என்று தீர்ப்பாயிற்று.

கல்யாணம் ஜோராக நடந்தது. மறுநாள் காலை மறுவீட்டுக்கு அழைக்க அம்சாவோடு நானும் போனேன். புது மாப்பிள்ளை முற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற பெண்களெல்லாம் அவர் முகத்தையே பார்த்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

நாங்கள் இரண்டு பேர் மட்டும் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமியாரைக் கண்டதும் தனசேகர் எழுந்தார். இடது கை... வேட்டி நுனியைப் பிடித்தது. அவ்வளவுதான்! அம்சா என் கையில் கிள்ளினாள் பாருங்கள், தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "இன்னா சம்பந்தி, இவ்ளோ சிரிப்பு?" என்றார்கள் ராஜாத்தி சித்தி. என்னவென்று சொல்வது? வாசற்படியில் செல்வி நின்றிருந்தாள். அவள் பார்வையும் அந்த இடது கை மேல்தான்.

ஒரு மெத்தை இடுப்பைக் குணப்படுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டுவதாக மாப்பிள்ளை செல்வியிடம் சத்தியம் செய்திருக்கிறார். இனி அவர் வேலையிலிருந்து வந்து படுக்கிற நேரம், அவள் எழுந்து வேலைக்குப் போகிற நேரம். வாரத்தில் ஆறு நாள் அந்த மெத்தைக்குத்தான் ஓ.டி.!

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். நம் சாமானை அமுக்கிப் பார்க்க ஊரே வரும். நாம் எழுந்திருக்கும்போது கை எங்கே போகிறது என்று பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இதை எழுதி முடித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் — "இன்னாக்கா, கை இடுப்புக்குப் போவுது?"