‘தாய்வழி’ என்று நான் சொன்ன சொல்

போடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். குழந்தைக்காகக் காத்திருந்த எங்களுக்கு, என் கணவரின் விந்தணுக்கள் சரியாக நீந்தவில்லை என்று அறிக்கை வந்தது. அவர் போடிமெட்டில் ஏலத்தோட்டத்துக்குப் பூச்சிமருந்தடிப்பவர்.

“எதுனாலத்தா இப்படி?” என்று மாமியார் கேட்டார்.

“அணுவுக்குத் தெம்பு குடுக்குற மைட்டோகாண்ட்ரியாவுல பழுது இருக்கும் அத்தை. அது தாய்வழியாத்தான் வரும்” என்றேன், பெரிய படிப்பாளி போல. மறுபரிசோதனை இல்லை, மரபணுச் சோதனை இல்லை, மருத்துவரையும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே மாமியார் சிலமலைக்குப் போய், நாத்தனாருக்குப் பேசியிருந்த சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். “எங்கிட்டருந்து வந்த கோளாறு, இவ வயித்துப் புள்ளைகளுக்கும் போகும்ல? அடுத்த வீட்டை நான் கெடுக்க மாட்டேன்.”

பதறிப்போய் மதுரையில் மருத்துவரைப் பார்த்தோம். “ஆயிரம் காரணம் இருக்கும்மா. சோதிக்காம அம்மா மேல பழியப் போட்டா எப்படி? மொதல்ல இவரு மருந்தடிக்கிறத நிறுத்தட்டும்” என்றார்.

சிலமலைக்கு ஓடினேன். அதற்குள் மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் பரிசம் போட்டிருந்தார்கள்.

“நல்லாத்தான் படிச்சிருக்கீக மதினி” என்றாள் நாத்தனார், நான் வீடு திரும்பியதும்.

இப்போதெல்லாம் அறிக்கையை வாங்கியதும் காரணம் கேட்பவர்களிடம், “எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்க” என்றுதான் சொல்கிறேன். அன்று என் வீட்டிலும் அதையே சொல்லியிருக்க வேண்டும்.