வெள்ளைக் கோட்டில் நின்ற சின்ன டிராக்டர்

1. கயிறு கட்டி வந்த வண்டி

மூன்றாவது தடவையும் அந்தச் சின்ன டிராக்டரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது, கையிலிருந்த டீயைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டேன். கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். சாத்தூரில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை போட்டு, லாரி, பஸ், வேன் என்று எத்தனையோ வண்டிக்கு டைனமோ பார்த்துக் கொடுத்தவன் நான். இந்தத் தம்மாத்தூண்டு வண்டி என்னைச் சந்தி சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது.

வண்டி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியுடையது. கம்பெனியை ஒட்டி முதலாளிக்கு ஒரு கொய்யாத் தோட்டம் உண்டு. தோட்ட வேலைக்கென்று வாங்கிய மினி டிராக்டர் அது. காலையில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. தண்ணீர்த் தொட்டியை இழுத்துப் போய், கம்பெனிக்குள் ஒவ்வொரு ரூம் வாசலிலும் இருக்கிற டிரம்மை நிரப்ப வேண்டும். தீ கீ பிடித்தால் கைக்கு எட்டுகிற தண்ணீர் அதுதான். டிரம் காலியாக இருந்தால் போர்மேன் எந்த ரூமையும் திறக்க விடமாட்டார்.

முன்னெல்லாம் பெண்கள் குடத்தில் சுமந்து நிரப்பினார்கள். அந்த சீசனுக்கு முன்னால் முதலாளியின் மருமகன் வந்து டிராக்டரைக் கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்துவிட்டார். ரெண்டு ஃபோகஸ் லைட், ஒரு ஏர் ஹாரன், டிரைவர் தலைக்கு மேல் ஒரு குட்டி விசிறி, தொட்டியில் பன்னிரண்டு வோல்ட் பம்ப். அத்தனையும் ஒரே வாரத்தில் மாட்டியது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பேட்டரி இறங்க ஆரம்பித்தது.

டிரைவர் பெயர் கருப்பசாமி. அச்சங்குளத்துக்காரன். அவன் பெண்டாட்டி முத்துலட்சுமியும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். விசிறி மட்டும் அவன் கேட்டு வாங்கியது. அந்தக் காட்டு வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஓட்டுகிறவன் கேட்காமல் என்ன செய்வான்?

"என்னலே, மறுபடியும் படுத்துருச்சா?" என்றேன்.

"ஆமாண்ணே. செல்ஃப் அடிச்சா டிக்குன்னு ஒரு சத்தம். அம்புட்டுத்தான்."

2. கழற்றிக்கொண்டே போனேன்

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது பாலபாடம். சின்ன டிராக்டரில் இருக்கிற டைனமோ சின்னது. அது கொடுக்கிறதே பதினைந்து ஆம்பியர் போல. லைட் ரெண்டும் ஒன்பது சாப்பிடும். விசிறிக்கு ரெண்டு ஆம்பியர். பம்புக்கு எட்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் டைனமோ தாங்காது. மிச்சத்தைப் பேட்டரியிலிருந்து எடுக்கும். கிணற்றில் ஊற்று கம்மியாக இருக்கும்போது பெரிய மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

ஆகவே முதல் தடவை ஃபோகஸ் லைட்டைக் கழற்றினேன். கழற்றும்போதே கருப்பசாமி கேட்டான்.

"அண்ணே, லைட்டைப் பகல்ல எவன் போடுவான்? சாயங்காலம் வண்டி செட்டுக்குள்ள போயிருதுல்ல?"

நியாயமான கேள்வி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ எலெக்ட்ரீசியனா, நான் எலெக்ட்ரீசியனா?" என்று வாயை அடைத்துவிட்டேன். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, இஞ்சினை ஓட்டி, மீட்டர் வைத்துப் பார்த்தேன். பதினாலு வோல்ட், கன ஜோர். பம்பையும் போட்டுப் பார்த்தேன். முள் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறி நின்றது. பம்ப் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு எழுதி அனுப்பினேன். ரெண்டே நாளில் கயிற்றில் வந்தது.

ரெண்டாவது தடவை ஏர் ஹாரனையும் விசிறியையும் கழற்றினேன். விசிறியைக் கழற்றும்போது அவன் முகம் தொங்கிப்போனது. "வண்டி சரியானா திரும்ப மாட்டிருவேம்ப்பா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். பழைய பேட்டரியை ஓரங்கட்டிவிட்டுப் புதுப் பேட்டரியும் போட்டேன். அதுவும் படுத்தது.

மூன்றாவது தடவை கழற்றுவதற்கு வண்டியில் ஒன்றுமே இல்லை. பம்ப் ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் நான் ஏற்கெனவே பாஸ் பண்ணிவிட்டேனே! டைனமோவைப் பிரித்தேன். உள்ளே உரசுகிற கார்பன் கட்டை நன்றாக இருந்தது. ரெகுலேட்டரை மாற்றிப் பார்த்தேன். ஒயரை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் கரண்ட் லீக் இல்லை. என் கடையில் நிற்கும் வரைக்கும் அந்த வண்டி தங்கமான வண்டி. கம்பெனிக்குப் போனால் பேய் பிடிக்கிறது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அந்த வாரம் வேறு வண்டியில் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிக் கொடுத்து ஒரு ஃபியூஸை ஊத வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொன்று வேறு. பேட்டரி டெர்மினலின் நட் பளபளவென்று இருந்தது. தினமும் ஸ்பானர் படுகிற நட் அப்படித்தான் இருக்கும். நான் வாரத்துக்கு ஒரு தடவை கழற்றினால் இப்படித் தேயாது. அதன் முனையில் மஞ்சளாக லேசான ஒரு தீற்று. இரும்பு ஸ்பானர் மஞ்சள் தீற்றாது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. என்னவென்று புரியாமல், பேட்டரிக்குச் சார்ஜ் மட்டும் ஏற்றி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

3. முதலாளி வந்து கேட்டது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளியே காரில் வந்து இறங்கினார். சிவகாசியில் இருக்கிறவர். கம்பெனிக்குக் காலையில் ஒரு எட்டு வந்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். தன்மையான மனுசன்தான், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"தம்பி, ஒளிக்காமச் சொல்லுங்க. பேட்டரியை எவனாச்சும் கழட்டுறானா?"

எனக்குத் திக்கென்றது. "ஏன் கேக்கீக மொதலாளி?"

"ஊரெல்லாம் கரண்டு கட்டு. பொழுது சாஞ்சா எங்கயும் வெளிச்சம் கெடையாது. நம்ம டிரைவரு பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி லைட்டும் டி.வி.யும் போடுறான்னு ஒருத்தன் சொல்லுதான். காலையில கொண்டாந்து மாட்டிருவானாம். தடம் கிடம் இருக்கா, இல்லையா?"

அந்தக் காலத்தில் பேட்டரியில் ஓடுகிற குட்டி டி.வி. நிறைய வீட்டில் இருந்தது. கதை பொருந்தித்தான் வந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது என்று சொன்னால் ஒருவன் பிழைப்பு போகும்.

"கழட்டுன தடம் இருக்கு மொதலாளி. யாரு கழட்டுறான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"அவனைத் தவிர வேற யாரு கழட்டுவா? திங்கக்கிழமை மானேஜர் வேற ஆளை வரச்சொல்லிருக்காரு. இவனை நிப்பாட்டிட்டா அவன் பொண்டாட்டியையும் வச்சிருக்க முடியாது. வீட்டுல ஒரு ஆளை அனுப்பிட்டு இன்னொரு ஆளை வெடிமருந்துக்குப் பக்கத்துல உக்கார வைக்க எனக்குத் தைரியம் கெடையாது."

ஒரே வீட்டில் ரெண்டு கூலியும் ஒரே நாளில் நிற்கப் போகிறது. அதுவும் நான் பார்த்த ஒரு நட்டை வைத்து! ஆனால் அவன் எடுக்கவில்லை என்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை. எடுத்திருப்பானோ என்று எனக்கே ஒரு ஓரத்தில் அரித்தது.

"மொதலாளி, நாளைக்கு ஒருநாப் பொறுங்க. வண்டி வேலை செய்யிற எடத்துல வச்சு நான் பாக்கணும்" என்றேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

4. வெள்ளைக் கோடு

சனிக்கிழமை காலையில் போனேன். கேட்டிலேயே வாட்ச்மேன் என் செல்லை வாங்கி வைத்துக்கொண்டார். தீப்பெட்டியை வாங்கினார். செருப்பில் லாடம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு அதையும் கழற்றச் சொன்னார். கடைசியில் என் டூல்ஸ் பையையும் பிடுங்கிக்கொண்டார்.

"இரும்புச் சாமான் உள்ள போகக் கூடாதுங்க."

"யோவ், டூல்ஸ் இல்லாம நான் என்னத்தைப் பாக்க?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

மீட்டரை மட்டும் காட்டிக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். மருந்து ரூம்களுக்கு ரொம்பத் தள்ளியே தரையில் சுண்ணாம்பில் ஒரு வெள்ளைக் கோடு. "நீங்க அங்கன நில்லுங்க, தாண்டாதீக" என்று போர்மேன் கை காட்டினார்.

கருப்பசாமி தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். கோட்டுக்கு வந்தான். யாரும் சொல்லவில்லை, கேட்கவில்லை, அவன் பாட்டுக்கு இஞ்சினை அணைத்துச் சாவியைப் போர்மேன் கையில் கொடுத்தான். நாம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி.

நீளமான ஓஸ் பைப்பைப் பெண்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். கருப்பசாமி பம்ப் சுவிட்சைத் தட்டினான். தண்ணீர் போக ஆரம்பித்தது.

நான் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றேன்.

"ஏலே! இஞ்சின் ஓடலையேலே!"

"இங்கன எப்படிண்ணே ஓடும்? சைலன்ஸர்ல பொறி பறந்தா என்ன ஆகும்?"

"அப்ப பம்பு?"

"அது பேட்டரியில ஓடுதுல்ல?"

"தெனமுமா?"

"தெனமுந்தான். எல்லா டிரம்மும் நெறையிற வரைக்கும்."

"இதை ஏம்லே எங்கிட்டச் சொல்லல?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "நீங்க கேக்கலையேண்ணே. பட்டாசுக் கம்பெனிக்குள்ள இஞ்சின் ஓடாதுன்னு எல்லாருக்கும் தெரியுமே."

எனக்குத் தெரியவில்லை. இஞ்சின் ஓடாமல் ஒருவன் பம்பை இத்தனை நேரம் ஓட்டுவான் என்று என் தொழில் புத்திக்கு எட்டவே இல்லை. பம்பை மருமகன் சாவிக்குச் சம்பந்தமில்லாமல் நேராகப் பேட்டரியில் கட்டியிருந்ததைக் கடையிலேயே பார்த்தேன். ஒயரிங் தெரியாதவன் கட்டியது என்று சிரித்துவிட்டு விட்டேன். மீட்டரை வைத்தேன். முள் இறங்கிக்கொண்டே போனது, மறுபடி ஏறவே இல்லை. உள்ளே வருவது ஒன்றும் கிடையாது, போவது மட்டும்தான். கடைசி டிரம்மின்போது பம்பின் சத்தம் ஈனமாகிவிட்டது. அப்புறம் இஞ்சின் ஓடுவது கேட்டிலிருந்து தொட்டி நிரப்புகிற இடம் வரைக்கும், கொய்யாத் தோட்டத்தில் கொஞ்சம். போன சார்ஜ் திரும்பி ஏற அது எம்மாத்திரம்? இதில் நான் எத்தனை பெரிய டைனமோ போட்டாலும் ஓடாத இஞ்சினில் அது சும்மாதானே உட்கார்ந்திருக்கும்?

சாவியைத் திரும்ப வாங்கிய கருப்பசாமி செல்ஃப் அடித்துப் பார்க்கவே இல்லை. பெண்கள் நாலைந்து பேர் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தார்கள். முத்துலட்சுமிதான் முன்னால் நின்றாள். "ம், தள்ளுங்கடி, எங்க வீட்டு மாப்பிள்ளை தானா எந்திரிக்க மாட்டாரு" என்று டிராக்டரைத் தட்டினாள். கோட்டை விட்டு வெகுதூரம் வெளியே தள்ளிக்கொண்டு போனபிறகுதான் இஞ்சின் பிடித்தது. அவர்களுக்கு அதுவும் அன்றாட வேலையாகவே ஆகியிருந்தது. தள்ளியும் பிடிக்காத அன்றைக்குத்தான் வண்டி கயிற்றில் என் கடைக்கு வந்திருக்கிறது.

நான் போர்மேனிடம் திரும்பினேன். "பேட்டரி நட்டை யாரு கழட்டுறா?"

"நாந்தான். சாயங்காலம் கம்பெனி பூட்டுமுன்ன ஒயரைக் கழட்டி விட்டுட்டுத்தான் போவேன். ராத்திரியில ஒயர் எங்கயாச்சும் ஒரசிப் பொறி விட்டா யாரு பதில் சொல்றது?" என்று இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்துக் காட்டினார். பித்தளை ஸ்பானர். பொறி விடாது என்று அங்கே அதைத்தான் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் தீற்று!

எனக்கு அந்த மனுசனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

5. விசிறி

கேட் வாசலில் முதலாளி நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். போர்மேனிடம் வாங்கி வந்த பித்தளை ஸ்பானரை அவர் கையிலேயே கொடுத்தேன். நட்டையும் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யலாம்?"

"பம்பைத் தூக்கிருங்க மொதலாளி. தொட்டியை வண்டியிலயே கொஞ்சம் ஒசத்தி ஸ்டாண்டுல வைங்க. பெரிய ஓஸு போடுங்க. தண்ணி மெதுவாத்தான் எறங்கும், ஆனா தானா எறங்கும். கரண்டே வேண்டாம்." எலெக்ட்ரீசியன் வாயிலிருந்து இப்படி ஒரு யோசனை!

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு, வாட்ச்மேனிடமிருந்து தன் செல்லை வாங்கி மானேஜருக்குப் போட்டார். "அந்தப் புது டிரைவரைத் திங்கக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிருங்க. இவன் ஒண்ணும் எடுக்கல."

கருப்பசாமி அங்கேதான் நின்றான். டிராக்டரைத் தோட்டத்துப் பக்கம் திருப்ப வந்தவன்.

"எந்த டிரைவருங்க மொதலாளி? நான் என்னத்தை எடுக்கலை?"

அவனுக்கு அதுவரைக்கும் ஒன்றுமே தெரியாது. நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் முதலாளியே சொன்னார், பாதிதான் சொன்னார். அவன் மீதியைப் புரிந்துகொண்டான். கண் கலங்கியது.

"சரிப்பா, மனசுல வைக்காத" என்றார் முதலாளி. என் பக்கம் திரும்பி, "அவனுக்கு அந்த விசிறியை முதல்ல மாட்டிக் குடுங்க தம்பி" என்றார்.

பம்ப் இல்லாவிட்டால் அந்தச் சின்ன டைனமோ லைட்டு, ஹாரன், விசிறி எல்லாவற்றையும் தாராளமாகத் தாங்கும். ஸ்டாண்ட் அடித்து முடிந்ததும் விசிறியை எடுத்துக்கொண்டு நானே போனேன். கருப்பசாமி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தான்.

"எறங்குலே, மாட்டிருவோம்."

"வேண்டாம்ணே."

"ஏம்லே? வண்டி இப்பத் தாங்கும். நான் கேரண்டி."

"வண்டி தாங்கும்ணே. நாளைக்கு இதுல வேற எதாச்சும் ஒண்ணு படுத்துச்சுன்னா மறுபடியும் என்னையத்தான் பாப்பாக. காத்து இல்லாம இருந்துக்கிருவேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அந்த வண்டி அதற்குப் பிறகு ஒரு நாளும் கயிற்றில் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்கிறது ஒன்றுதான். எத்தனை ஆம்பியர் என்று அப்புறம் கணக்குப் போடுங்கள். முதலில் ஓட்டுகிறவனிடம், "இதைப் போடும்போது இஞ்சின் ஓடுதா?" என்று கேளுங்கள். முதல் நாளே நான் கேட்டிருந்தால் கருப்பசாமி ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருப்பான். விசிறி இன்னும் என் கடை அலமாரியில்தான் இருக்கிறது. ஸ்விட்ச் போட்டால் சுற்றும்.