இரண்டு தண்ணீர்த் திரளிகள்

குருநகர் லூர்த்தம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தம்பி தேவராசா பல்கலைக்கழகத்தில் மீனை ஆராய்கிறான் என்று நாலு பேருக்குச் சொல்லாமல் பூசை முடிந்து வீடு திரும்பமாட்டாள். வெயில் மரபணுவைப் பழுதாக்குமாம். மீனின் உடம்பு அதைத் தானே திருத்திக்கொள்ளுமாம். தொண்டைமானாற்றின் ஆழமில்லாத நீரில் வெயில்பட்டு வளர்ந்த திரளி மீன், குருநகர்க் கடல் திரளியைவிடக் கூடுதலாகத் திருத்துகிறதா என்பதே அவன் கேள்வி.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டு மின்சாரம் நின்றது. பல்கலைக்கழகக் குளிர்ப்பெட்டியில் இருந்த மீன்களை ஊருக்கொன்றாக இரண்டு பைகளில் கட்டி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவன் ஐஸ் தேடிப் போனான். ஷெல்லடியில் வழியில் அகப்பட்டு, சில நாள் கழித்து வெறுங்கையோடு வந்தான்.

முற்றத்துப் பாயில் மீன்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"மணக்கத் துவங்கிட்டுது தம்பி. வெட்டிக் கழுவி உப்பிலை போட்டன். ஒண்டும் பழுதாகேல்லை," என்றாள் பெருமையாக.

"ரெண்டு பையையும் ஒண்டாவோ போட்டனீங்கள்?"

"ஓம், ஒரே சாடியிலை. எல்லாம் திரளிதானே?"

அவன் பாயோரம் குந்திவிட்டான். உப்பிட்டதில்கூட மரபணு கொஞ்சம் மிஞ்சும், ஆனால் எது எந்தத் தண்ணீர் மீன் என்று தெரியாவிட்டால் ஆராய்ச்சியே இல்லை என்றான். மறுபடி பிடிக்கவும் வழியில்லை. கடலில் இறங்கத் தடை.

லூர்த்தம்மா ஒவ்வொரு மீனாகப் புரட்டினாள், முகர்ந்தாள். கடற்கரையில் பிறந்தவளுக்கும் பிடிபடவில்லை.

"விடுங்கோ அக்கா. கருவாடு நல்லா வந்திருக்கு. மத்தியானத்துக்கு ரெண்டைப் பொரியுங்கோ."

பொரித்தாள். அவன் சாப்பிட்டான். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.