சுவிஸ் அணிக்கு மோர்னிங்சைட்டிலிருந்து போன சப்பாத்து

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொறன்ரோவின் கிழக்கு எல்லையிலிருந்து மேற்கு எல்லைக்குப் பொதுப் போக்குவரத்தில் போய்வந்தேன். இந்த நகரத்தில் நண்பகலுக்குள் ஓரிடம் போய்ச் சேரவேண்டியவர்களுக்கு உதவும் என்று நேரங்களையும் செலவையும் குறித்திருக்கிறேன். பொழுதுபோக்குக்காகப் போகவில்லை. ஒரு சோடிச் சப்பாத்தைக் கொடுக்கப் போனேன்.

சுவிஸ் தேசிய ஃபுட்சால் அணி ஒரு நட்பு ஆட்டத்துக்காக இங்கே வந்திருந்தது. ஃபுட்சால் என்பது மண்டபத்துக்குள் அணிக்கு ஐந்து பேர் ஆடும் உதைபந்தாட்டம். சிறிய நாடு, பலர் கேள்விப்படாத விளையாட்டு. அந்த அணியில் முதல்முறையாக என் அண்ணரின் மகன் நிரூஷன் இருந்தான். அண்ணர் பேர்ணில் இருக்கிறார். அப்பாவின் மரண அறிவித்தலில் மருமக்கள் எல்லாரையும் போட்டவர், என் மனைவி வசந்தியின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். மறதி என்றார். நான் நம்பவில்லை. ஒன்பது வருடங்களாகப் பேச்சில்லை. ஆனால் பிள்ளையோடு எனக்கென்ன கோபம்? சனிக்கிழமை பின்னேரம் சாப்பிட வரச்சொன்னேன்.

வந்தவன் பையிலிருந்து நீலச் சப்பாத்தை எடுத்து, உள்ளே இருந்த மெத்தையைக் காட்டினான். கணுக்கால் முறிந்தபின் மருத்துவர் அவன் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்வித்தது. “இது றோட்டில ஒருநாளும் மிதிக்கேல்ல சித்தப்பா,” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட எழுந்தான். விருந்தறைக்குள் சப்பாத்து இருந்தால் வசந்திக்குப் பொறுக்குமா? எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே உள்ள அடுக்கில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாற்பது வருடப் பழக்கம். எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. அவன் வெறும் பையோடு போய்விட்டான்.

காலை 9.50க்குத் தொலைபேசி அடித்தது.

“சித்தப்பா, பைக்குள்ள சப்பாத்து இல்லை.”

“கடையில ஒண்டு வாங்கேலாதோ?”

“சப்பாத்து வாங்கலாம். அந்த மெத்தையை எங்க வாங்குறது? அது இல்லாட்டி கோச் இறக்கமாட்டார். பன்னிரண்டேகாலுக்கு வோர்மப், ஒரு மணிக்கு மட்ச்.”

வசந்தி காரை எடுத்துக்கொண்டு றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய்விட்டார். தொலைபேசியை அணைத்துவைத்திருப்பார். வாடகை வண்டியில் முழுத்தூரமும் போனால் நூறு டொலருக்கு மேல். அது பரவாயில்லை, ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்தால் முடிந்தது கதை. மகனின் முதல் ஆட்டம் என் வீட்டு வாசலில் கெட்டுப்போனதென்று அண்ணர் சாகும்வரை சொல்வார். அதைவிடக் கசப்பான உண்மை, இந்தமுறை அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

10.12க்கு வீட்டுக்கருகே மோர்னிங்சைட் பஸ். 10.47க்குக் கெனடி நிலையம். 10.55க்குச் சுரங்க ரயில். அங்கிருந்து மேற்கு முனையான கிப்ளிங் வரை ஒரே பாதை, மாறத் தேவையில்லை. கட்டணம் 3.30 டொலர், இரண்டு மணித்தியாலத்துக்குள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே கட்டணம். 11.50க்குக் கிப்ளிங்கில் இறங்கி வாடகை வண்டி பிடித்தேன். சாரதி நம்மவர். மடியிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

“என்ன அண்ணை, விக்கப் போறியளோ?”

“சுவிஸ் ரீமுக்குக் கொண்டுபோறன். மோர்னிங்சைட்டிலயிருந்து.”

“சுவிஸ்காரருக்கு மோர்னிங்சைட்டிலயிருந்தோ சப்பாத்துப் போகுது? அப்ப அவங்கள் வெண்ட மாதிரித்தான்!”

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆறு கிலோமீற்றர், பதினெட்டு டொலர். 12.07க்கு மண்டபம். நிரூஷன் வாசலில் காலுறையோடு நின்றான். பிடுங்கிக்கொண்டு ஓடினான். நன்றிகூடச் சொல்லவில்லை, அது குடும்ப வழக்கம்.

ஒரு மணிக்கு ஆட்டம். முதல் ஐவரில் அவனும் இறங்கினான். மூன்றாவது நிமிடத்தில் அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். நகரத்தைக் குறுக்கே கடந்து வந்தது மூன்று நிமிடத்துக்கா? நானும் பள்ளிக்கூடத்தில் பந்தடித்தவன். எடுத்தால் எடுத்ததுதான் என்று எனக்குத் தெரியும். எழுந்து படிகளில் இறங்கி, சுவிஸ் பயிற்றுநர் இருந்த பக்கம் நடந்தேன்.

“அங்கிள்! எங்க போறீங்க?” பக்கத்து இருக்கையில் இருந்த பெண். அவளுடைய தம்பி எதிரணியில் ஆடினான்.

“அந்தக் கோச்சிட்ட ஒரு கேள்வி கேக்கோணும்.”

“அங்கிள், ரிலாக்ஸ். இது வெளில ஆடுற சொக்கர் இல்லை. எத்தனை தரமும் இன் அண்ட் அவுட் போகலாம். என்ர தம்பி ஓல்ரெடி ரெண்டு தரம் வெளிய வந்திட்டான். நீங்க கத்தினா அவர் உண்மையாவே பென்ச் பண்ணிடுவார்.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் நிரூஷன் ஓரக் கோட்டைத் தாண்டி மறுபடி உள்ளே குதித்தான். அதன்பின் போனான், வந்தான், போனான். நான் கைக்கடிகாரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிஸ் 4-3 என்று தோற்றது. எதிரணிப் பெண் தாராளமாகவே சிரித்தாள். எனக்கு அந்தத் தோல்வி ஒரு பொருட்டாகவே படவில்லை. அவன் கணுக்கால் நேராக இருந்தது, நடந்து வந்தான், போதும்.

இதே பாதையில் போகிறவர்களுக்கு: மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். கிப்ளிங்குக்கு அப்பால் ஞாயிறு பஸ்ஸை நம்பிக் கையில் அவசரமான பொருளோடு நிற்கவேண்டாம், வாடகை வண்டி எடுங்கள். மண்டபம் குளிர், மேலங்கியைக் கழற்றாதீர்கள். தேநீர் 2.75 டொலர், குடிக்கும்படியாக இல்லை. ஃபுட்சாலின் இருபது நிமிடப் பாதி நாற்பதுக்கும் நீளும். பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும்.

வெளியே வந்தபோது நிரூஷன் தன் தொலைபேசியை என் கையில் வைத்தான். “அப்பா. சப்பாத்துக் கதை சொல்லேல்ல, நீங்களும் சொல்லாதேங்கோ,” என்று முணுமுணுத்தான்.

தொலைபேசியைக் காதில் வைத்தேன். மறுமுனையில் அண்ணர்.

“மட்ச் பாத்தனியோ?”

“ஓம்.”

“எத்தினை நிமிஷம் விட்டவங்கள்?”

“பதினாலு. எண்ணினனான்.”

பேர்ணில் அப்போது பொழுது பட்டிருக்கும்.

“முதல் ஆட்டத்துக்குக் காணும்,” என்றார். “வசந்தியிட்டக் குடு.”

“அவள் கோயிலுக்குப் போட்டாள்.”

“அப்ப உங்கட பின்னேரம் எடுக்கிறன்.”

திரும்பும்போது அவசரமே இல்லை. ரயிலில் இருக்கை கிடைத்தது. கெனடி வரை நன்றாக நித்திரை கொண்டேன்.